உறையிடும் பொறியைத் தேர்தல்

இலக்கணமும் இலக்கியமும் பயிலும் மாணவனொருவன் பண்டங்களுக்கு உறையிடும் பொறியைப்பற்றி எழுதப் புகுதல் அன்பர்கள் சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். என் தாய்மாமன் கோவிற்பட்டியிற் கடலை மிட்டாய் செய்து விற்பவர். சென்ற கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவருடைய பட்டறையிற் பத்து நாள் இருந்தேன். ஆங்குக் கண்டவையும் கேட்டவையுமே இக்கட்டுரைக்குப் பொருளாயின.

நிலக்கடலையையும் வெல்லப்பாகையும் கூட்டி, மேலே வண்ணமேற்றிய தேங்காய்த் துருவலைத் தூவிச் செய்யும் கோவிற்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன்பின் மாமாவுக்கு வெளியூர்க் கேள்வி பெருகிற்று. அங்கே விற்கும் மிட்டாய் பல வாரம் கெடாதிருத்தல் வேண்டும். கடலையிலுள்ள எண்ணெய் பிராணவாயுவோடு கூடிச் சிக்கு நாற்றம் கொள்ளும். வெல்லமோ காற்றின் ஈரத்தை ஈர்த்துப் பிசுபிசுக்கும். ஆதலின் உறையானது அழகுக்கு மட்டும் இடுவதன்று. பெண்கள் எண்மர் வட்டமாய் அமர்ந்து கையால் உறையிட்டுவந்த அப்பட்டறைக்கு ‘ப்ளோ ராப்’ என வணிகர் வழங்கும் பொறி வந்தது இக்காரணத்தினாலேயே.

அப்பொறி இயங்கும் முறையை முதற்கண் கூறுவேன். ரோலாகச் சுற்றிய பிலிம் அவிழ்ந்துவந்து ஒரு மடிப்புப் பெட்டியினுள் நுழைந்து குழாய் வடிவு கொள்ளும். சங்கிலியிற் பொருத்திய தள்ளுகோல்கள் மிட்டாய்களை ஒவ்வொன்றாக அக்குழாய்க்குள் செலுத்தும். குழாயின் இரு விளிம்புகளும் அடிப்பக்கத்திற் சூடான உருளைகளிடையே அழுந்தி ஒட்டிக்கொள்ளும். ஈற்றில் இரு தாடைகள் கூடி, முன்செல்லும் உறையின் வாலையும் பின்வரும் உறையின் தலையையும் ஒருசேர ஒட்ட, நடுவிலுள்ள கத்தி இரண்டையும் பிரித்துவிடும். பிலிமில் அச்சிட்ட சிறு கறுப்புக் குறியைச் சென்சார் நோக்கியிருந்து, கடைப்பெயர் நடுவே வெட்டுண்ணாமற் காக்கும். நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் புணரும் விதிகள் எனக்கு நினைவுக்கு வர, அதனை மாமாவிடம் கூறினேன். அவர் நகைக்கவில்லை.

நகைக்கும் நிலையிலும் அவர் இல்லை. நிமிடத்திற்கு 200 உறை இடும் என்னும் சொல்லொன்றையே நம்பிக் கடன்பட்டு அதனை வாங்கியிருந்தார். வந்த நாள்முதல் உறைகள் சரியாய் ஒட்டவில்லை. ஒட்டிய உறையை நீர் நிறைந்த வாளியில் அமிழ்த்தி மெல்ல அழுத்தினால், கசிவுள்ள இடத்திற் குமிழி எழும். யான் பத்து உறைகளை அமிழ்த்திப் பார்த்தேன், ஏழில் எழுந்தன.

பழகிய பிட்டர் ஒருவர் வந்து நெடுநேரம் பொறியைச் சுற்றிவந்து பார்த்தார். பின்னர், “அண்ணாச்சி, வேகத்தைக் கேட்டீர்களே, மிட்டாயைக் கொண்டுபோய்க் காட்டினீர்களா?” என்றார். மாமா விடை கூறவில்லை.

அவர் விளக்கியதன் சாரம் இது. பட்டறையிற் பாகு காய்ச்சிப் பரப்பி வெட்டி ஆற்றியெடுக்கும் வேலை மணிக்கு 3,000 துண்டுகளே தரும். அஃதாவது நிமிடத்திற்கு 50. இருநூறு இடவல்ல பொறி ஐம்பதுக்காகக் காத்து நின்று நின்று ஓடுதல் வேண்டியதாயிற்று. சூடு ஒட்டுவது மூன்றால்: தாடையின் வெப்பம், அழுத்தம், பிலிமைத் தொட்டிருக்கும் நேரம். வேகம் மாறுந்தோறும் மூன்றாவது மாறும். மெல்ல ஓடினாற் பிலிம் சுருங்கி உருகும். விரைந்து ஓடினால் ஒட்டாது பிரியும். ஆகவே ஒரு தொடரிலே மிகவும் மெதுவான வேலை எதுவோ, அதன் அளவுக்குச் சற்றே மிகுந்த வேகமுள்ள பொறியே போதும். இதனை வாங்குமுன் எவரும் தாளும் எழுதுகோலும் கொண்டு கணித்துவிடலாம்.

வேகத்தினும் பெரிய குறை தேங்காய்த் துருவலால் வந்தது. உதிர்ந்த துருவல் தாடைகள் கூடுமிடத்திற் சிக்கினால், அம்மயிரிழை வழியே காற்றுப் புகும். மாமா வாங்கியது சுழலும் தாடையுடையது. அது பிலிமைத் தொட்டிருப்பது கணநேரமே. மற்றொரு வகையில் தாடைகள் பிலிமோடு சிறிது தூரம் உடன்சென்று அழுத்தி, விலகி, மீண்டும் தொடங்கிய இடத்திற்குத் திரும்பும். இதனைப் ‘பாக்ஸ் மோஷன்’ என்பர். இது வேகங் குறைந்தது, விலை கூடியது. எனினும் அழுத்தும் நேரம் நீளுதலின் தடித்த பிலிமையும் இறுக ஒட்டும். துருவலை ஊதியகற்றக் காற்றுக்குழல் ஒன்றும் உடன் வேண்டும். சிலர் உறைக்குள் நைட்ரஜன் நிரப்பச் சொல்வர்; நல்லதே, ஆனால் கசியும் உறையில் அதனை நிரப்புதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

பிலிமின் அளவையும் அவர் மிட்டாயிலிருந்தே கணித்துக் காட்டினார். நீளம் 100, அகலம் 35, கனம் 10 மில்லிமீட்டர் உள்ள துண்டொன்றைச் சுற்றிவர 90 வேண்டும். அடியொட்டுக்கு இருபுறமும் பன்னிரண்டாக 24, தளர்வுக்கு 6. ஆகப் பிலிமின் அகலம் 120. நீளவாட்டில் 100-உடன் கனத்திற்கு 10-உம், இரு முனையொட்டுக்கு 20-உம் கூட்டினால் 130. நிமிடத்திற்கு 50 உறையெனில் ஆறரை மீட்டர் செலவாகும். 1,000 மீட்டர் ரோல் இரண்டரை மணி நேரத்திற்கே வரும். அடிக்கடி ரோல் மாற்றும் நேரத்தையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்பதை எந்த விற்பனையாளரும் தாமாகக் கூறக் கேட்டிலேன்.

சர்வோ மோட்டார் மூன்றுடைய பொறியிற் பண்டத்தின் அளவு மாறினாற் பொத்தானை அழுத்தியே நீளத்தை மாற்றலாம். ஒரே அளவிற் செய்பவர்க்கு அச்செலவு வீண் என்பது என் கருத்து. மாமா மூன்று அளவிற் செய்பவராதலின் அவர்க்கு அது தேவையாயிற்று. தேதியும் தொகுதி எண்ணும் அச்சிடும் கருவியைப் பொருத்த இடம் உண்டா, பட்டறையின் மின் இணைப்பு பொறிக்கு ஏற்றதா, தீபாவளிக்கு முந்தின வாரம் கத்தி முறிந்தால் மாற்றுக் கத்தி எத்தனை நாளில் வரும் என்பனவும் கேட்டறியத்தக்கன. விலைப்பட்டியலில் இவை இரா.

விடுமுறை முடியுமுன் மாமாவும் யானும் மிட்டாய் முந்நூறும், அச்சிட்ட எங்கள் பிலிம் ரோலும், ஒரு வாளியும் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூரிலுள்ள பொறி செய்வோர் ஒருவரிடம் சென்றோம். வாளியைக் கண்டு அங்குள்ளோர் நகைத்தனர். துருவல் உதிரும் மிட்டாயையே வேண்டுமென்று தெரிந்து கொண்டுபோயிருந்தோம். முதல் நூறில் ஒன்பது கசிந்தன. தாடையின் வெப்பத்தைத் திருத்திக் காற்றுக்குழலையும் வைத்தபின் அடுத்த நூறில் ஒன்று. எஞ்சிய நூறை மாமா தாமே அமிழ்த்திப் பார்த்தார்; ஒன்றிலும் குமிழி இல்லை. அதன் பிறகே முன்பணம் கொடுத்தார்.

பழைய பொறியை மூன்றிலொரு பங்கு நட்டத்திற்கு ஒரு சோப்பு வியாபாரி வாங்கிக்கொண்டார். சோப்புக்குத் துருவலும் இல்லை, காற்றுப் புகுதலாற் பெருங்கேடும் இல்லை. அவரிடம் அது நாள்முழுதும் ஒழுங்காக ஓடுகின்றது. புதிய பொறி மாசி மாதத்தில் வந்தது. முன்பு உறையிட்ட பெண்கள் எண்மரில் இருவர் இப்போது சங்கிலியில் மிட்டாய் அடுக்குகின்றனர். ஒருவர் மணிக்கொருமுறை பத்து உறைகளை வாளியில் அமிழ்த்திப் பார்த்து நோட்டில் எழுதுகின்றார். மூவர் வெட்டும் வேலைக்கும் பெட்டியிற் கட்டும் வேலைக்கும் மாறினர். இருவர் வேறிடம் தேடிச் சென்றனர். மாமா முதலிலேயே வாளியை எடுத்துச் சென்றிருந்தால் நட்டப்பட்ட அத்தொகையைக்கொண்டு அவ்விருவரையும் இன்னும் ஓராண்டு வைத்திருக்கலாம் என்று அத்தை கூறினார்.