தன் போக்கில் வேலை செய்பவருக்கு எந்த முறை தோது?

யாரும் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்காவிட்டால்தான் சிலருக்கு வேலை ஓடும். மென்பொருள் கம்பெனிகளில் இவர்கள் பாடு திண்டாட்டம். வேலையைத் திட்டமிடும் எந்த முறையும் ஏதோ ஒரு கயிற்றால் கட்டத்தான் செய்யும். எந்தக் கயிறு உறுத்தாது என்று பார்ப்பதே புத்திசாலித்தனம்.

அதிகம் எதிர்ப்படுவது ஸ்க்ரம். வேலையை ஒரு மாதத்துக்கு மிகாத ஸ்பிரிண்டுகளாக வெட்டுவார்கள். பல டீம்களில் இரண்டு வாரம்தான். அதன்மீது சொல்லப்படும் புகார்களில் பாதிக்கு ஸ்க்ரம் பொறுப்பே இல்லை. கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லாண்டும் எழுதிய ஸ்க்ரம் கையேட்டில், வேலையின் அளவை மதிப்பிடும் ஸ்டோரி பாயிண்ட் என்ற பேச்சே கிடையாது. ஸ்டாண்ட்-அப் எனப்படும் தினக் கூட்டத்துக்கு 15 நிமிடம். அது வேலை செய்கிறவர்கள் தங்களுக்குள் அன்றைய திட்டத்தைச் சரிசெய்துகொள்ள, மேனேஜரிடம் கணக்கு ஒப்பிக்க அல்ல. "நேத்து என்ன பண்ணீங்க, இன்னைக்கு என்ன, தடை ஏதாவது இருக்கா?" என்ற பிரசித்தி பெற்ற மூன்று கேள்விகளைக்கூட 2020 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். அமெரிக்க கிளையண்டுக்காக இரவு எட்டரைக்கு ஸ்டாண்ட்-அப் வைக்கும் சென்னை டீம்களில் இதை யாராவது லீடுக்குச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

கான்பன் வேறு ரகம். டொயோட்டா தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ வளர்த்தது. மென்பொருளுக்குக் கொண்டுவந்தவர் டேவிட் ஆண்டர்சன். இதில் ஸ்பிரிண்ட் கட்டாயமில்லை, ஒரே நேரத்தில் கையிலிருக்கும் வேலைக்குத்தான் வரம்பு. வேலைகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் போர்டில் 'ரிவ்யூ' கட்டத்தின் வரம்பு மூன்று என்று வையுங்கள். அங்கே ஏற்கெனவே மூன்று டிக்கெட் நின்றால், நீங்கள் முடித்த நான்காவதை நகர்த்த முடியாது. போய் அடுத்தவர் கோடைப் படித்து ரிவ்யூ செய்து இடம் காலி பண்ண வேண்டும். ஒதுங்கி வேலை பார்க்கிறவருக்கு இது கசக்கும். ஆனால் "இதையும் சேர்த்துப் பாத்துடுங்க" என்று மேனேஜர் வரும்போது, வாய் பேசாமல் போர்டைக் காட்டிவிடலாம். சப்போர்ட், பராமரிப்பு வேலைகளுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

பேஸ்கேம்பை உருவாக்கிய நிறுவனத்தின் ஷேப் அப், கேட்கவே இனிக்கும்: ஆறு வாரம் ஒரே வேலை, பிறகு இரண்டு வாரம் மூச்சுவிட. எதை எப்படிப் பிரித்துச் செய்வது என்பது சிறிய டீமின் பொறுப்பு. சொந்தத் தயாரிப்பு உள்ள கம்பெனியில் சரிப்படும். மணிக்கணக்கில் பில் போடும் சர்வீஸ் கம்பெனியில் எதிர்பார்க்காதீர்கள்.

எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்கில் இருவர் சேர்ந்து ஒரே திரையில் கோடு எழுதுவதும் ஒரு பழக்கம். தனிமை விரும்பிகள் கும்பிடு போட்டுவிடலாம்.

ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று வரிசையாகப் போகும், எல்லோரும் கேலி பேசும் வாட்டர்ஃபாலில் ஒரு சௌகரியம் உண்டு: தேவைகளுக்குக் கையெழுத்தாகிவிட்டால் பல வாரங்கள் நிம்மதி. சோதனைக் கட்டத்தில் அது வட்டியோடு திரும்பும், சனி ஞாயிறு போய்விடும். 1970இல் இந்த வரிசையைப் படமாகப் போட்ட வின்ஸ்டன் ராய்ஸே, இப்படியே செய்தால் ஆபத்து என்று எழுதியிருக்கிறார்.

புது வேலைக்கு நேர்முகம் போனால் முறையின் பெயரைக் கேட்காதீர்கள். ஸ்டாண்ட்-அப் எவ்வளவு நேரம், பாதியில் வரும் அவசர வேலைக்கு எதை ஒதுக்கிவைப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டாவதற்கு "எதையும் இல்லை" என்று பதில் வந்தால், அந்த இடம் உங்களுக்குச் சரிவராது.