இளம் கள ஆய்வாளருக்கு ஒரு கடிதம்

தேசிய மாதிரி ஆய்வு 1950-இல் பி. சி. மகலனோபிஸின் முயற்சியால் பிறந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. நாட்டு மக்கள் எதைச் சாப்பிடுகிறார்கள், எதைச் செய்து பிழைக்கிறார்கள் என்பதற்கு நம்பத் தகுந்த கணக்கு அரசிடம் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்த வேலையில் இன்று கடலூர் மாவட்டத்துக்கு வந்து சேரும் இளம் கள ஆய்வாளர் முக்கியமாக இரண்டு ஆய்வுகளைச் சந்திப்பார். ஒன்று குடும்ப நுகர்வுச் செலவு பற்றியது. மற்றது வேலையும் வேலையின்மையும் பற்றியது. 1972-73 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த இந்த வேலை ஆய்வு, 2017 ஏப்ரலிலிருந்து இடைவிடாமல் நடக்கிறது. 2025 முதல் மாத மதிப்பீடுகளும் வெளியாகின்றன.

2022-23 நுகர்வு ஆய்வில் நாடு முழுவதும் 2,61,746 வீடுகள் விசாரிக்கப்பட்டன. அப்படியானால் ஒரு வீடு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசுகிறது. புவனகிரியில் ஒரு வீட்டில் கேட்காமல் விட்ட கேள்வி, டெல்லியில் ஆயிரத்தால் பெருக்கப்பட்ட ஓட்டையாகப் போய்ச் சேரும். அங்கே எத்தனை தேர்ந்த புள்ளியியலாளர் இருந்தாலும் அதை அடைக்க முடியாது. இந்த ஆய்வுகளின் தரம் திண்ணையில்தான் முடிவாகிறது.

பழைய தென்னாற்காடு மாவட்டத்துக்கு இந்த வேலையில் நீண்ட மரபு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-இல் தம் மாணவர்களைச் சில கிராமங்களுக்கு அனுப்பி வீடுவீடாக விவரம் சேகரிக்கச் செய்தார். அவற்றுள் ஒன்று இருவேல்பட்டு. இப்போது அது விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காட்டில் இருந்தது. பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் குழுவினர் 1930-களிலும், எஸ். குகன் உள்ளிட்டோர் 1980-களிலும், ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் 2008-இலும் அதே ஊருக்குத் திரும்பிச் சென்றார்கள். ஒரே ஊரின் நிலம், கூலி, சாதி உறவு ஆகியவை ஒரு நூற்றாண்டில் எப்படி மாறின என்று காட்டும் இத்தகைய தொடர்கள் இந்தியாவில் மிகச் சிலவே. மாதிரி ஆய்வின் படிவம் சொல்லாத பலவற்றை இந்த ஊர் ஆய்வுகள் சொல்லும். களத்துக்குப் போகுமுன் அவற்றைப் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் கேள்வி கேட்கும் விதத்திலேயே வேறுபாடு தெரியும்.

களத்தில் முதல் வேலை வீட்டுப் பட்டியல். தேர்வான கிராமத்திலோ நகரத் தொகுதியிலோ உள்ள எல்லா வீடுகளையும் வரிசையாக எழுதி, அதிலிருந்து விதிப்படி சில வீடுகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதிரியை வளைப்பதற்கு இதைவிட எளிதான இடம் வேறில்லை. கிராம நிர்வாக அலுவலரோ ஊராட்சித் தலைவரோ அழைத்துச் செல்லும் வழி பெரும்பாலும் ஊர்த்தெருவோடு முடிந்துவிடும். காலனி அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். கிள்ளைப் பக்கத்து இருளர் குடியிருப்பு அதற்கும் அப்பால், உப்பங்கழி ஓரத்தில் இருக்கும். வெயில் ஏறிய பிறகு அங்கே போவதற்குக் கால் வராது. அந்த வீடுகள் பட்டியலில் ஏறாவிட்டால், அதன்பின் எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும் மாவட்டத்தின் ஏழ்மை குறைவாகவே தெரியும். கிராமத்துக்குப் போன அன்றே கடைசித் தெருவிலிருந்து எழுதத் தொடங்குபவர்கள் உண்டு, நல்ல பழக்கம்.

குடும்பம் என்பதற்கு இந்த ஆய்வுகள் வைத்திருக்கும் அளவுகோல் அடுப்பு. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம். ஒரே கூரையின் கீழ் அண்ணன் தம்பி தனித்தனியாகச் சமைத்தால் இரண்டு குடும்பங்கள். ரேஷன் அட்டை ஒன்றா இரண்டா என்பது இங்கே பொருட்டல்ல. பரங்கிப்பேட்டை, லால்பேட்டை வீடுகளில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் மகனின் பெயரைத் தாய் முதல் ஆளாகச் சொல்வார். அவர் குடும்ப உறுப்பினர் அல்லர். அவர் அனுப்பும் பணத்தில் நடக்கும் செலவு மட்டும் கணக்கில் வரும். சிதம்பரத்தில் சிக்கல் வேறு வகை. அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதி மாணவர் ஒவ்வொருவரும் வழக்கமான விதிப்படி ஓராள் குடும்பம்.

நுகர்வு ஆய்வின் கேள்விகள் நீளமானவை. 2022-23-இல் பொருள் பட்டியல் 405 வகைகளைத் தொட்டது. ஒரே அமர்வில் இத்தனையையும் கேட்டால் பதில் சொல்பவர் பாதியிலேயே எழுந்துவிடுவார், அல்லது எல்லாவற்றுக்கும் "இல்லை" என்பார். அதனால்தான் உணவு, அன்றாடப் பொருள்களும் சேவைகளும், நீடித்துழைக்கும் பொருள்கள் என்று மூன்று படிவங்களாகப் பிரித்து, மூன்று தடவை அதே வீட்டுக்குப் போகும் முறை வந்தது. இரண்டாம், மூன்றாம் வருகைகளை ஒரே நாளில் முடித்துவிடலாமே என்ற ஆசை எழும். அதற்கு இடம் கொடுத்தால் சீர்திருத்தமே வீண்.

நினைவுகூரும் காலம் பொருளுக்குப் பொருள் மாறும். மீன், முட்டை, காய்கறி, எண்ணெய் போன்றவற்றுக்குக் கடந்த 7 நாள். அரிசி, பருப்பு, எரிபொருளுக்கு 30 நாள். துணிமணி, கல்வி, நீடித்துழைக்கும் பொருள்களுக்கு 365 நாள். இது அலுவலக விளையாட்டல்ல. 1999-2000 ஆய்வில் உணவுப் பொருள்களுக்கு 7 நாள் கேள்வியையும் 30 நாள் கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டார்கள். ஒரு பதில் மற்றொன்றைப் பாதித்தது. அந்த ஆய்விலிருந்து அரசு கணித்த வறுமை 26.1 சதவீதம், 1993-94-இல் அது 36 சதவீதம். உண்மையில் வறுமை எவ்வளவு குறைந்தது, கேள்வி முறையால் எவ்வளவு குறைந்தது என்று பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். ஒரு வார மீன் செலவை நான்கால் பெருக்கி எழுதுவதும், மாத அரிசியை நான்கால் வகுத்துச் சொல்லச் சொல்வதும் அதே தவற்றின் சிறிய வடிவங்கள்.

அளவைகளில் கவனம் தேவை. கடலூர் துறைமுகத்துச் சந்தையில் மீன் கூறாக விற்கும். கிராமத்தில் நெல் மூட்டைக் கணக்கில் இருக்கும். கூறு எவ்வளவு எடை என்று பக்கத்துக் கடையில் பார்த்து உறுதி செய்த பிறகே கிலோவாக மாற்ற வேண்டும். வீட்டு வயலில் விளைந்த நெல்லுக்குக் கடைவிலை போடக் கூடாது, களத்துமேட்டு விலைதான். பண்ருட்டிப் பக்கம் கொல்லையில் பழுத்த பலாவும் வேலியோர முருங்கையும் "வாங்கினதில்ல" என்பதாலேயே விடுபடும். டீக்கடையில் கணவர் குடித்த டீயும் தின்ற வடையும் மனைவிக்குத் தெரியாது. டாஸ்மாக் செலவை மனைவி எதிரில் கேட்டால் பதில் பூஜ்யம். வீட்டில் சமைத்த உணவு, சாப்பிட்டவர் வீட்டின் கணக்கில் அல்ல, சமைத்த வீட்டின் கணக்கில் ஏறும். ஆகவே கல்யாண விருந்து நடந்த வீட்டில் செலவு வானளாவத் தெரியும். அதைத் தவறென்று திருத்தாமல், விருந்து நடந்ததைக் குறிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது இலவசப் பொருள். ரேஷன் அரிசிக்கு 2011 முதல் விலை இல்லை. பொங்கல் வேட்டி சேலை, பள்ளிச் சீருடை, மிதிவண்டி, மடிக்கணினி என்று பட்டியல் நீளும். செலவு பூஜ்யம் என்பதால் அளவையும் பூஜ்யம் என்று எழுதிவிடுவது பெரும் பிழை. அளவை எழுதினால்தான் அதற்கு மதிப்புக் கணிக்க முடியும். 2022-23-இல் நாட்டளவில் கிராமப்புற மாதாந்திரத் தலா செலவு 3,773 ரூபாய். இலவசப் பொருளுக்கு மதிப்புச் சேர்த்தபோது 3,860. தமிழ்நாட்டுக் கிராமங்களில் மதிப்புச் சேர்க்காமலேயே அது 5,310 ரூபாய். ஆனால் அரசுப் பள்ளிக் கல்வியும் அரசு மருத்துவமனைச் சிகிச்சையும் பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் அந்த மதிப்பீட்டில் வருவதில்லை. இம்மாநிலக் குடும்பங்கள் உண்மையில் துய்ப்பதில் ஒரு பகுதி இந்த எண்களுக்கு வெளியே நிற்கிறது என்பதே சரியான வாசிப்பு.

வேலை ஆய்வில் கேள்விகள் குறைவு, இடறல்கள் அதிகம். இரண்டு அளவுகோல்கள் உண்டு. கடந்த 365 நாளில் பெரும்பகுதி என்ன செய்தார் என்பது வழக்கமான நிலை. துணைத்தொழில் 30 நாளாவது இருந்தால் அதுவும் சேரும். கடந்த 7 நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரமாவது வேலை செய்திருந்தால் வாராந்திர நிலையில் அவர் வேலையில் இருப்பவர். ஒரு மணி நேரமா என்று சிரிப்பவர்களுக்குப் பதில், அன்றாடம் எத்தனை மணி நேரம் என்பதும் தனியாக எழுதப்படுகிறது என்பதுதான். அந்தக் கட்டத்தை எட்டு எட்டென்று நிரப்புகிறவர் விமர்சகர்களுக்கு ஆயுதம் கொடுக்கிறார்.

பெண்களிடம் "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால் "சும்மாதான் வீட்டுல இருக்கேன்" என்ற பதில் வரும். அதோடு விட்டுவிட்டால் 92 என்ற குறியீடு, வீட்டுவேலை மட்டும். விடாமல் கேட்டால், குறிஞ்சிப்பாடியில் கணவரின் தறிக்குத் தார் சுற்றுவதும், பண்ருட்டியில் கூலிக்கு முந்திரி உடைப்பதும், சோனாங்குப்பத்தில் கருவாடு காயவைத்து விற்பதும் வெளிவரும். தார் சுற்றுபவர் ஊதியமில்லாக் குடும்ப உதவியாளர், குறியீடு 21. முந்திரி உடைப்பவர் கூலியாள், 51. கருவாடு விற்பவர் தாமே தொழில் நடத்துபவர், 11. வீட்டுக்கு மட்டுமே பால் கறந்தாலும் மாடு வளர்ப்பது இந்த ஆய்வில் வேலைதான். விறகு பொறுக்குவது அல்ல, அது 93. இந்த எல்லைக்கோடு நியாயமானதா என்பது வேறு விவாதம். கோட்டை மாற்றும் உரிமை கள ஆய்வாளருக்கு இல்லை. நாட்டளவில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களின் தொழிலாளர் பங்கேற்பு 2017-18-இல் 23.3 சதவீதமாக இருந்து 2023-24-இல் 41.7 சதவீதமாக உயர்ந்தது. இதில் எவ்வளவு வேலைப்பெருக்கம், எவ்வளவு நல்ல கேள்வி, எவ்வளவு வறுமையின் நெருக்கடி என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பங்கேற்பு உயர்வின் பெரும்பகுதி சுயதொழிலிலும் குடும்ப உதவியிலும் இருப்பதால், தார் சுற்றும் பெண்ணிடம் இரண்டாவது கேள்வி கேட்கப்பட்டதா என்பது சிறிய விஷயமல்ல.

இந்த மாவட்டத்தில் பதில் தேதியைப் பொறுத்தும் மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். மே மாதத்தில் தேவனாம்பட்டினத்து விசைப்படகுத் தொழிலாளியின் வாராந்திர நிலை ஒன்று, ஆண்டு நிலை வேறொன்று. காட்டுமன்னார்கோயில் பக்கம் சம்பா நடவில் கிடைக்கும் கூலிநாள் அறுவடையில் கிடைப்பதில்லை, எந்திரம் வந்துவிட்டது. இந்த ஏற்றத்தாழ்வு பிடிபடத்தான் மாதிரி ஆண்டு முழுவதற்கும் பரப்பப்படுகிறது. நவம்பரில் வெள்ளம் என்று அந்த மாதத்து ஊரைப் பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தால், வெள்ளக்கால வேலையின்மை நாட்டுக் கணக்கிலிருந்தே மறைந்துவிடும்.

வாசலில் நின்றதும் "லோன் வருமா?", "உரிமைத் தொகைக்கா?" என்று கேட்பார்கள். ஆமென்று தலையாட்டினால் குடும்பம் திடீரென்று ஏழையாகிவிடும். எதுவும் கிடைக்காது, எதுவும் பறிபோகாது என்று சொல்லித்தான் உட்கார வேண்டும். அம்மா, அக்கா, அண்ணே என்று முறை வைத்துப் பேசலாம். வாக்குறுதி கொடுக்கக் கூடாது. 2008-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் தனிநபர் விவரத்துக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. கிராம நிர்வாக அலுவலர் கேட்டாலும் ஒரு வீட்டின் பதிலைக் காட்டுவதற்கில்லை. பெயரும் முகவரியும் நீக்கிய தரவு மட்டும் புள்ளியியல் அமைச்சகத்தின் இணையதளத்தில் எவருக்கும் கிடைக்கிறது. புதியவர் முதல் ஆண்டிலேயே அதைத் தரவிறக்கி, தமிழ்நாட்டு வீடுகளைப் பிரித்தெடுத்து, 21 என்ற குறியீடு எத்தனை பெண்களுக்கு விழுந்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.