கோவிட் நோய்க்குப் பின் தேகப் பயிற்சி

நோயினின்று எழுந்த உழவு மாட்டை எவரும் முதல் நாளே ஏரில் பூட்டுவதில்லை. சில நாள் கொட்டிலில் ஓய்வு கொடுத்து, பின் மேய்ச்சலுக்கு நடத்தி, அதன் பிறகே இலேசான வேலையில் பழக்குவர். மாட்டினிடம் காட்டும் இந்த நிதானத்தை மனிதரிடம் நாம் காட்டுகிறோமா?

2020-ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் பரவிய கோவிட் நோய், பெரும்பாலோரைச் சில வாரங்களில் விட்டு நீங்கியது. சிலரிடம் மட்டும் தீராத சோர்வு, மூச்சு வாங்குதல், மறதி முதலிய தொல்லைகள் தங்கிவிட்டன. நோய் கண்டு 3 மாதங்கள் சென்ற பின்னும் காணப்பட்டு, குறைந்தது 2 மாதங்கள் நீடித்து, வேறு காரணம் கூற இயலாத இத்தகைய தொல்லைகளை உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் ஒரு தனி நிலைமையாக வரையறுத்தது. இதனையே ‘நீடித்த கோவிட்’ என்கிறோம். வெளிப்பார்வைக்கு இவர்கள் நலமாகவே தோன்றுவதால், ‘சோம்பேறி’ என்னும் பழிச்சொல்லுக்கும் ஆளாகின்றனர்.

பயிற்சியால் பயன் உண்டா?

உண்டு. பல நாள் படுக்கையில் கிடந்தால் தசைகள் மெலியும். மூச்சுக்கு உதவும் தசைகளும் தளரும். பழக்கத்தினால்தான் அவை மீண்டும் வலுப்பெறும். ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று வீடு திரும்பியும் நலம் பெறாத 585 பேரைக் கொண்டு இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சி நடைபெற்றது. ஒரு சாராருக்கு இணைய வழியே 8 வாரம் தேகப் பயிற்சியும் மனத் தெம்புக்கான ஆலோசனையும் குழுவாக அளிக்கப்பட்டன. ஒரு முறை மட்டுமே ஆலோசனை பெற்றவர்களைவிட இவர்கள் ஓரளவு அதிக நலம் பெற்றனர் என்பதும், அப்பயன் ஓராண்டு வரை நிலைத்தது என்பதும் 2024-இல் வெளியாயின.

அளவு மீறினால் தீங்கு

அதே ஆண்டில் ஹாலந்து நாட்டு ஆராய்ச்சி ஒன்று மறுபக்கத்தைக் காட்டியது. சிறிது உழைத்தாலும் பின்னர் நோய் முற்றும் இயல்புடையவர்களைக் கடினமாகச் சைக்கிள் மிதிக்கச் செய்து, தசையைச் சோதித்தனர். தசையில் சேதம் காணப்பட்டது. ஆகவே இது மனத்தளர்ச்சி அன்று. உடலின் உண்மையான குறை. இத்தகையோர் பயிற்சியை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போகலாகாது. உள்ள பலத்தைப் பங்கிட்டு, இடையிடையே ஓய்ந்து வேலை செய்வதே அவர்களுக்கு ஏற்றது.

பின்பற்றும் முறை

1. முதலில் டாக்டரிடம் காட்டுக. இரத்த சோகை, நீரிழிவு, காசநோய் ஆகியவற்றாலும் சோர்வு வரும்.

2. மூக்கால் மூச்சை இழுத்து, சூடான பாலை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெல்ல விடுக. மெதுவான நடையும் உடம்பை நீட்டி மடக்குதலும் முதற்படி.

3. அடுத்த படி, வீட்டிலும் தோட்டத்திலும் இலேசான வேலை. தடையின்றிப் பேசிக்கொண்டே செய்ய இயல வேண்டும்; இயலாவிடில் வேகம் அதிகம் என்று அறிக.

4. ஒவ்வொரு படியிலும் குறைந்தது 7 நாட்கள் நின்ற பின்னரே விரைவு நடைக்கும் பளு தூக்குதலுக்கும் செல்க.

5. மறுநாளும் அதற்கடுத்த நாளும் உடல்நிலையைக் கவனிக்க. சோர்வு மிகுந்தால் ஓய்வெடுத்து, முந்திய படிக்குத் திரும்புக. நெஞ்சு வலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுக.

பஞ்சாயத்தாரின் கடமை

ஊரில் இத்தகையோர் யாவர் என அறிந்து, அவர்களைச் சிகிச்சைக்கு அனுப்புதல் பஞ்சாயத்து அங்கத்தினர்களின் முதற்கடமை. பொது வேலைகளில் மண் சுமப்பதற்குப் பதில் தண்ணீர் வழங்குதல், கணக்கு எழுதுதல் போன்ற இலேசான பணிகளை அவர்களுக்கு ஒதுக்கலாம். நடைபாதையில் நிழலும், உட்கார ஒரு திண்ணையும் அமைப்பது பெருஞ்செலவன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, ‘சோம்பேறி’ என்னும் சொல்லை ஊரார் வாயினின்று நீக்குவது அவசியம். அவசரப்படுத்தாத ஊரில்தான் நோயாளி தன் அளவறிந்து உழைத்து, மெல்ல மெல்லத் தேறுவான்.