வீட்டிற் குஞ்சு பொரித்து வளர்ப்பதன் செலவு

கோழி வளர்ப்புச் செலவற்ற தொழில் என்பது நம் கிராமத்து இல்லங்களிற் பொதுவாக நிலவும் எண்ணம். முட்டை வீட்டிலே கிடைத்தது. அடைகாத்தது வீட்டுக் கோழி. குஞ்சுகள் குப்பையைக் கிளறி உண்டன. ஆதலின் கைப்பொருள் யாதும் கழியவில்லை என்பர். கோபுரங் கட்ட எண்ணுவோன் முன்னதாகச் செலவைக் கணித்தல் வேண்டும் என்னும் சுவிசேஷ உவமையை நாம் அறிவோம். அஃது ஒரு கூடை முட்டைக்கும் பொருந்தும். ரூபாயின் மதிப்பு ஆண்டுதோறும் மாறுவதாகலின், முட்டையையே நாணயமாகக் கொண்டு இக்கணக்கைப் பார்ப்போம்.

நாட்டுக் கோழியொன்றின் கீழ் 12 முட்டை அடைவைத்ததாகக் கொள்வோம். குஞ்சு பொரிக்க 21 நாள் செல்லும். ஏழாம் நாள் இரவு முட்டைகளை விளக்கொளிக்கு எதிரே பிடித்து நோக்கின், கருவுற்றவற்றில் இரத்த நரம்புகள் சிலந்தி வலைபோற் தோன்றும், கருவுறாதவை தெளிவாயிருக்கும். அவ்வாறு இரண்டு கழிந்து, ஒன்று ஓட்டினுள்ளே இறந்துபடின், 9 குஞ்சுகள் வெளிவரும். இந்தப் 12 முட்டையே முதற்செலவு.

இரண்டாவது செலவு கண்ணுக்குப் புலப்படாதது. தாய்க்கோழி அடைகாக்கும் நாட்களிலும், அதன்பின் ஏறக்குறைய இரண்டு மாதம் குஞ்சுகளைக் காக்கும்போதும் முட்டையிடாது. அக்காலத்தில் அஃது இட்டிருக்கக்கூடியவை மற்றும் 12 எனக் கொண்டால், மொத்தச் செலவு 24 முட்டையாகும்.

ஒன்பது குஞ்சும் எட்டு வாரம் பிழைத்திருந்தால் ஒன்றின் அடக்கவிலை 2⅔ முட்டை. ஆறு பிழைத்தால் நான்கு முட்டை. மூன்றே பிழைத்தால் எட்டு முட்டை. வெளியில் மேய்ந்து வளருங் குஞ்சுகளுக்குக் காலை மாலை இடும் குறுநொய்யும் கம்பும் சிறு செலவே. ஆகவே, குஞ்சின் விலையை உயர்த்துவது தீனியன்று. சாவே என்பது தெளிவாம். கூட்டிலடைத்து விலைத்தீனி கொடுப்போர்க்கோ, குஞ்சொன்று எட்டு வாரத்துள் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உண்ணுமாதலின், தீனியே தலைச்செலவாகும்.

தாய்க்கோழிக்குப் பதிலாக மின்விளக்குப் பெட்டி வைப்பாரும் உளர். 60 வாட் விளக்கு நாளிற் பாதி நேரம் எரிந்தால், 21 நாளில் சுமார் 15 யூனிட் மின்சாரம் செலவாகும். வெப்பம் 37.5 பாகை செல்சியஸ் அளவில் மாறாதிருத்தல் வேண்டும். முட்டைகளை நாள்தோறும் பன்முறை திருப்புதல் வேண்டும். பொரித்தபின்னும் முதல் வாரம் 35 பாகை வெப்பம் வேண்டும். பின்னர் வாரந்தோறும் மூன்று பாகை வீதம் குறைத்து வரலாம். கோழி விரைவில் மீண்டும் முட்டையிடுமென்பது இதன் இலாபம். எனினும், ஒரு கோழியின் சிறகுக்குள் அடங்கும் முட்டைகளுக்காக இத்துணைக் காவல் தகாது. தொகை மிகுந்தவிடத்தே பெட்டி பயன்தரும்.

இனிச் சாவைத் தடுக்கும் வழி யாது? கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்பது பழமொழி. பருந்தும் காகமும் கீரியுமே குஞ்சைக் கவர்வன. முதற் சில வாரம் பஞ்சாரத்திற் கவிழ்த்து வைத்தல் இவற்றிற்குத் தக்க காப்பு. பழம்பானையிற் சாணமும் கந்தலும் இட்டுக் கவிழ்த்துப் பெறும் கறையான், காசின்றிக் கிடைக்கும் நல்லுணவு.

ஆயினும் பெருஞ்சேதம் விளைப்பது வெள்ளைக்கழிச்சல். இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் 1927-இல் காணப்பட்டமையின், அவ்வூர்ப் பெயராலும் இந்நோய் வழங்கும். வந்தபின் இதற்கு மருந்தில்லை. முதல் வாரத்திற் கண்ணிலோ மூக்கிலோ இடும் தடுப்புமருந்துத் துளியும், எட்டாம் வாரத்திற் போடும் ஊசியுமே காப்பு. பெரும்பாலும் நூறு கோழிகளுக்குரிய அளவிலேயே குப்பி கிடைக்கும். கரைத்தபின் மறுநாளுக்கு உதவாது. ஆறு குஞ்சுக்காக முழுக்குப்பி வாங்குதல் ஒரு வீட்டாருக்கு இயலாததுபோல் தோன்றுகிறது. மருந்தின்றி அனைத்தும் மாளுகின்றன. தெருவார் பதின்மர் ஒரே காலத்தில் அடைவைத்து, ஒரே நாளில் மருந்திடுவராயின், ஒருவருக்கு நேருஞ் செலவு பத்திலொரு பங்கே.

பல இல்லங்களிற் கோழி விற்ற பணமே தாய்மாரின் தனிக் கைப்பொருள்; பிள்ளைகளின் புத்தகத்துக்கும் நோயாளியின் மருந்துக்கும் அதுவே உதவுகின்றது. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணாக்க நண்பர்காள்! நம் அன்னையரோடமர்ந்து, வைத்தது எத்தனை, பொரித்தது எத்தனை, வளர்ந்தது எத்தனை என மூன்று பத்தி எழுதிப் பார்ப்போமாக. மூன்றாம் பத்தியே மெய்க்கணக்கு.