டிராக்டர் சக்கர ரிம்முக்கு எந்தப் பூச்சு ஏற்றது?

சம்பா அறுவடை முடிந்து டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் சற்று ஓய்வு கிடைக்கும் மாசி, பங்குனி மாதங்களே சக்கரங்களைக் கழற்றிச் செப்பனிட ஏற்ற காலம். பல விவசாயிகளுக்கு ரிம்மின் நினைவு வருவது பஞ்சர் கடையில்தான். டயரைக் கழற்றியதும் செதில் செதிலாகத் துரு உதிரும். அந்தச் செதில்களே டியூப்பை உரசி அடிக்கடி பஞ்சர் ஆவதற்கும் காரணமாகின்றன.

துரு பெரும்பாலும் கண்ணில் படாத இடத்தில் தொடங்குகிறது. டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரும் இடம், வால்வுத் துளையைச் சுற்றிய பகுதி, நடுத்தட்டு ரிம்முடன் சேரும் மூலை ஆகிய மூன்றிலும் ஈரம் தங்கும். எடை கூட்டுவதற்காகப் பின் டயர்களில் தண்ணீர் நிரப்பியிருந்தால், வால்வில் உள்ள சிறு கசிவே உட்புறத்தை அரித்துவிடும். உரம் ஏற்றும் டிரெய்லரில் இந்தச் சேதம் இன்னும் விரைவாக நடக்கும். மியூரியேட் ஆப் பொட்டாஷ் என்பது குளோரைடு உப்பு. அது ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்னும். நாகப்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் இதற்குத் துணை செய்கிறது.

பெயிண்ட் வாங்குவதற்கு முன், ரிம் பெயிண்டுக்குத் தகுதியானதா என்று பார்ப்பது அவசியம். ரிம்மை நன்கு கழுவிக் காயவைத்து, நட்டுத் துளைகளைச் சுற்றியும் வெல்டிங் ஓரங்களிலும் மண்ணெண்ணெய் தடவ வேண்டும். சிறிது நேரம் கழித்துத் துடைத்துவிட்டு, சுண்ணாம்புக்கட்டிப் பொடியைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். அப்படித் தெரிந்தாலும், டயர் உட்காரும் விளிம்பு துருவால் மெலிந்து குழிகள் ஆழமாக விழுந்திருந்தாலும் அந்த ரிம்மை ஒதுக்கிவிட வேண்டும். குழிகளில் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடிப்பது பார்வைக்கு அழகாக இருக்கும்; ஆனால் இழந்த பலம் திரும்பாது. டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைப்பதும் தீ காட்டுவதும் கூடவே கூடாது. காற்றை இறக்கியிருந்தாலும் டயர் வெடித்து உயிர் போகலாம்.

துருவை அகற்றுவதில்தான் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. முதலில் கிரீஸையும் எண்ணெயையும் தின்னர் கொண்டு துடைக்க வேண்டும். பிறகு கம்பி பிரஷ், உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டும். பழைய பெயிண்ட் தூளில் ஈயம் இருக்கக்கூடும். எனவே மூக்கையும் வாயையும் மறைத்துக்கொண்டு, குழந்தைகளும் மாடுகளும் வராத இடத்தில் தேய்க்க வேண்டும். வேலையை எளிதாக்கச் சிலர் கழிவறை ஆசிட்டை ஊற்றுவதுண்டு. இது தவறு. அந்த ஆசிட்டின் குளோரைடு இரும்பின் குழிகளில் தங்கி, புதுப் பெயிண்டுக்கு அடியிலேயே மறுபடி துருவைக் கிளப்பும். தேய்த்த பின்னும் மீதமிருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றித் திரவம் ஏற்றது. தேய்த்த இரும்பை இரவு முழுவதும் பனியில் விடாமல் அன்றே முதல் பூச்சு கொடுத்துவிட வேண்டும்.

எந்தப் பூச்சு?

இன்று நகரங்களில் பவுடர் கோட்டிங் செய்து தருகிறார்கள். தூள் வண்ணத்தை ஒட்டவைத்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பிலிட்டு உருக்கும் முறை இது. பூச்சு வழுவழுப்பாக இருக்கும்; தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு நல்லது. ஆனால் வயலில் ஒரு கல் பட்டுத் தெறித்தால் அந்த இடத்தில் ஈரம் புகுந்து, பூச்சுக்கு அடியில் துரு பரவும். வெளியே தெரிவதற்குள் உள்ளே வெகுதூரம் போயிருக்கும். வீட்டில் பிரஷ் கொண்டு இதைச் சரிவரத் திருத்த முடியாது.

இரண்டு டப்பாவாக வரும் எபாக்சி பூச்சு உறுதியானது. உர உப்பையும் நன்கு தாங்கும். கலந்த சில மணி நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். வெயில் பட்டால் மேற்பரப்பு சுண்ணாம்பு போல வெளுக்கும். உர டிரெய்லருக்கும் கடலோரத்துக்கும் இந்தச் செலவு தகும். துத்தநாகம் மிகுந்த பிரைமரும் சிறந்ததே. ஆனால் பளிச்சென்று வெண்ணிறமாகத் தேய்த்த இரும்பில்தான் அது வேலை செய்யும். கம்பி பிரஷ் கொண்டு தேய்த்த ரிம்மில் அதைப் பூசுவது காசைச் சேற்றில் போடுவதாகும்.

ஆகவே சாதாரணச் சிறு விவசாயிக்கு ஏற்றது பழைய முறையே: ஒரு பூச்சு ரெட் ஆக்சைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், அதன்மேல் இரண்டு பூச்சு சிந்தெடிக் எனாமல். கல் தெறித்த இடத்தை மறுவாரமே தேய்த்துத் தானே பூசிக்கொள்ளலாம். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே ஒரு நாள் காய வேண்டும். நான்கு டிராக்டர் சக்கரங்களுக்கு ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகும். செம்பிரைமரோடு நிறுத்திவிட்டு ஒரு மழைக்காலத்தை ஓட்டுபவர்கள் உண்டு. பிரைமர் தனியாக ஈரத்தைத் தடுக்காது. அது எனாமலுக்கு அடித்தளம் மட்டுமே. கேஜ் வீலுக்குப் பெயிண்ட் அடிப்பது வீண். ஒரு சேற்றுழவில் தேய்ந்துவிடும். அதைக் கழுவிக் காயவைத்துக் கூரையின் கீழ் வைத்தால் போதும்.

நிறத்தைப் பொறுத்தவரை வெள்ளை, வெள்ளி அல்லது மஞ்சளே நல்லது. காரணம் கீழே வருகிறது.

பூசக்கூடாத இடங்கள்

நட்டு உட்காரும் சரிவு, ஹப்போடு ஒட்டும் தட்டு முகம், போல்ட் மரை ஆகிய இடங்களில் தடித்த பெயிண்ட் படக்கூடாது. நட்டை முறுக்கும்போது இறுக்கமாகத்தான் தெரியும். பாரம் ஏற்றி ஓடியதும் இடையிலுள்ள பெயிண்ட் நசுங்கும், நட்டு தளரும், துளை நீள்வட்டமாகத் தேயும், கடைசியில் பாரவண்டியின் சக்கரமே கழன்று போகலாம். இந்த இடங்களில் காகித நாடா ஒட்டி மறைத்துவிட்டுப் பூசுவது சுலபம். பிரைமர் மெல்லியதாகப் பட்டால் பாதகமில்லை. பின் சக்கரத் தட்டு ரிம்மின் காதுகளில் பொருந்தும் இடத்துக்கும் இதே விதிதான். மாறாக, டயருக்கு உள்ளே மறையும் பகுதியை விடாமல் பூசி, முழுவதும் காய்ந்த பின்பே டியூப் மாட்ட வேண்டும்.

தண்ணீர் நிரப்பிய பின் டயரில் 100 லிட்டருக்கு மேல் நீர் இருக்கும். அதை வடித்த பிறகே சக்கரத்தைக் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். முதல் பாரம் இறக்கியதும் ஒரு முறை, மறுநாள் ஒரு முறை மீண்டும் முறுக்கிப் பார்க்க வேண்டும். அதன் பிறகு நட்டுத் துளையிலிருந்து செம்பழுப்புக் கோடு வழிந்தால், அங்கே உலோகம் உரசுகிறது, நட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். கறுப்பு ரிம்மில் இந்தக் கோடு தெரியாது. வெள்ளை ரிம்மில் பத்தடி தூரத்திலேயே தெரியும்.