பழவங்காடியில் இருந்து பாளையம் வரை

திருவனந்தபுரத்தில் பழவங்காடி என்றால் பிள்ளையார் கோயில்தான் நினைவுக்கு வரும். அங்கே தேங்காய் உடைக்கும் சத்தம் ஓயாது. பரீட்சைக்குப் போகும் மாணவர்களும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போவார்கள்.

கோயிலில் இருந்து வடக்கே மகாத்மா காந்தி சாலை போகிறது. அதில் நடந்தால் முதலில் ஆயுர்வேதக் கல்லூரி வரும். அது 1889இல் ஒரு பாடசாலையாகத் தொடங்கியது. அதன்பின் தலைமைச் செயலகம். அதையும் தாண்டினால், பாளையத்தின் அருகே ஒரு பழைய கட்டடம் தெரியும். அதுதான் யூனிவர்சிட்டி காலேஜ்.

அதன் கதை 1834இல் தொடங்குகிறது. அப்போது திருவிதாங்கூரை ஆண்டவர் சுவாதித் திருநாள் மகாராஜா. பாட்டு இயற்றியவர் என்றே அவரைப் பலருக்குத் தெரியும். இங்கே ஆங்கிலப் பள்ளி வந்ததும் அவர் காலத்தில்தான். ஜான் ராபர்ட்ஸ் என்பவர் தலைமை ஆசிரியர். 1836இல் அது கட்டணம் இல்லாத பள்ளி ஆயிற்று. 1866இல் கல்லூரியாக வளர்ந்தது. மகாராஜா கல்லூரி என்று அழைத்தார்கள். பட்டம் கொடுத்தது சென்னைப் பல்கலைக்கழகம்.

இந்தக் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர் சுந்தரம் பிள்ளை. 'மனோன்மணீயம்' என்ற நாடகத்தை எழுதியவர் அவர்தான். நாடகம் 1891இல் வெளிவந்தது. தமிழ்நாட்டு அரசு விழாக்களில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அதில் உள்ளதுதான். திருநெல்வேலியில் உள்ள பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயரே.

பள்ளியில் கட்டணம் இல்லை. ஆனால் படிக்க விரும்பிய எல்லாருக்கும் கதவு திறந்ததா?

பல்பு என்ற இளைஞர் மருத்துவம் படிக்க விரும்பினார். தேர்விலும் தேறினார். ஈழவர் சாதி என்பதால் திருவிதாங்கூரில் அவருக்கு இடம் தரவில்லை. சென்னைக்குப் போய்ப் படித்தார். மைசூரில் டாக்டர் ஆனார். தமக்கு வேலை கிடைத்தது போதும் என்று அவர் இருக்கவில்லை. 1896இல் மகாராஜாவுக்கு ஒரு மனு கொடுத்தார். அதில் 13,176 பேர் கையெழுத்து இட்டிருந்தார்கள். பள்ளியில் இடம் வேண்டும், அரசு வேலை வேண்டும் என்று கேட்டார்கள். கையெழுத்தின் மதிப்பு அன்றே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

மேரி புன்னன் என்ற பெண் இந்தக் கல்லூரியில் சேர்ந்தார். அறிவியல் படிக்க ஆசைப்பட்டார். பெண்ணுக்கு அறிவியல் இல்லை என்றார்கள். வரலாறு படித்து 1909இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பிறகு லண்டன் போய் டாக்டராகவே திரும்பினார். 1938இல் திருவிதாங்கூர் மருத்துவத் துறைக்கே தலைவர் ஆனார்.

1937இல் திருவிதாங்கூருக்குச் சொந்தமாகப் பல்கலைக்கழகம் வந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா அதை நிறுவினார். 1939இல் பொறியியல் கல்லூரி வந்தது. மருத்துவக் கல்லூரி 1951இல்தான் வந்தது. பல்பு கேட்டது எப்போது, கிடைத்தது எப்போது பாருங்கள்!

புதிய பல்கலைக்கழகத்தில் கே.ஆர். நாராயணன் படித்தார். தலித் குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதில் கட்டணம் கட்டப் பணம் இல்லை. வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டிருக்கிறார். 1943இல் எம்.ஏ. ஆங்கிலத்தில் முதல் இடம் பெற்றார். ஆனாலும் விரிவுரையாளர் வேலை கிடைக்கவில்லை. ஊரை விட்டு டெல்லிக்குப் போனார். 1997இல் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனார்.

அவர் படித்த பல்கலைக்கழகத்துக்கு 1957 முதல் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர். அதன் அலுவலகம் பாளையத்தில் இருக்கிறது. பழவங்காடியில் பஸ் ஏறினால் கொஞ்ச தூரம்தான்.