விருது மேடையும் டியூட்டி சார்ட்டும்

கேள்வி:

டாக்டர் அம்மா, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் லேபர் வார்டு இன்சார்ஜ் சிஸ்டராக வேலை பார்க்கிறேன். இங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போக 108 வண்டிக்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். போன வருஷம் எங்கள் மருத்துவமனைக்குத் தூய்மைக்கான காயகல்ப் விருது கிடைத்தது. சுவரில் ஒட்டிய சார்ட்டிலிருந்து குப்பைத் தொட்டியின் நிறம் வரை, ராத்திரியில் உட்கார்ந்து சரிசெய்தவர்கள் நாங்கள்தான். விழாவில் எங்களில் ஒருத்தர் பெயரையும் சொல்லவில்லை. குரூப் போட்டோவில் பின்வரிசையில் நிறுத்தினார்கள்.

அதுகூடப் போகட்டும். பயிற்சி என்று சுற்றறிக்கை வந்தால், "நீங்க போயிட்டா லேபர் வார்டை யாரு பார்க்கறது?" என்று கேட்டுவிட்டு, வேலை குறைவாக இருக்கும் பிரிவிலிருந்து யாரையாவது அனுப்பிவிடுகிறார்கள். எனக்குக் கீழே இருக்கும் நர்ஸுகளில் பாதிப் பேர் ஒப்பந்தத்தில் வந்த சின்னப் பெண்கள். வேலை தெரிந்தவளாக இருப்பதே எனக்குத் தண்டனையா? நகரத்துக்கு மாறுதல் கேட்டுவிடலாமா? இல்லை, இங்கே இருந்துகொண்டே வளர வழி உண்டா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

மேடையில் பெயர் வராதது ஒரு குறை, பயிற்சிக்கு அனுப்பாதது இன்னொரு குறை என்று பிரித்து எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. உங்கள் திறமை உங்கள் மருத்துவமனைக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் அனுப்ப மறுக்கிறார்கள். ஒருவரைப் படிக்க அனுப்பி, படித்து வந்ததைச் செய்ய இடமும் அதிகாரமும் கொடுப்பதுதான் வேலை பார்க்கும் இடத்தில் கிடைக்கக்கூடிய பெரிய மரியாதை. பொன்னாடை அதற்கு மேல் வரலாம். அதற்குப் பதிலாக வரக்கூடாது.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமில்லை. கிராமப்புறங்களில் மருத்துவப் பணியாளர்களைத் தக்கவைக்க என்ன செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் ஒரு வழிகாட்டியை வெளியிட்டு, 2021இல் புதுப்பித்தது. சம்பளப் படியையும் குடியிருப்பையும் சொல்லும் அதே ஆவணம், வேலை பார்க்கும் ஊரிலேயே தொடர்பயிற்சி, பதவி உயர்வுக்கான படிக்கட்டு, விருதுகளும் பட்டங்களும் கொண்ட பொது அங்கீகாரம் ஆகியவற்றையும் பரிந்துரைக்கிறது. நம் ஊரில் இந்தப் பட்டியலின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு ஷீல்டுக்கு ஆர்டர் கொடுத்துவிடுகிறோம்.

இனி உங்கள் மருத்துவமனை சீஃப் கேட்ட கேள்விக்கு வருவோம். "வார்டை யாரு பார்க்கறது?" என்பதை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. மூன்று ஷிஃப்டுக்கும் எண்ணிச் சுட்ட பணியாரமாக ஆள் இருக்கும் இடத்தில், ஒருவர் போனால் இன்னொருவருக்கு நைட் டியூட்டி இரட்டிக்கும். அதனால் பயிற்சியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வார்டுக்கே வரக்கூடியது, நீங்கள் போய்ப் படிக்க வேண்டியது. முதலாவதற்கு யாருடைய ரிலீவிங் ஆர்டரும் வேண்டாம்.

வார்டிலேயே நடக்கும் பயிற்சி இரண்டாந்தரமானது என்று நினைத்துவிடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைப் பற்றி 'இ-மோட்டிவ்' என்ற பெரிய ஆய்வு ஒன்று, கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்தது. முடிவுகள் 2023இல் வெளியாயின. புது மருந்து எதையும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை. ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுவதை விட்டுவிட்டு, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பில் சேகரித்து அளந்தார்கள். அளவு தாண்டியதும் கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் ஆசிட், ஐ.வி. திரவம், மேற்கொண்டு பரிசோதனை என்று எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே தொகுப்பாகக் கொடுத்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, அதனால் மரணம் ஆகிய மூன்றும் சேர்ந்த கணக்கு 60 சதவீதம் குறைந்தது.

உங்களுக்கு வேண்டிய பாடம், அவர்கள் இதை எப்படிப் பழக்கினார்கள் என்பதில் இருக்கிறது. ஊழியர்களை நகரத்து ஹாலுக்குக் கூட்டிப்போய் பவர்பாயின்ட் காட்டவில்லை. வேலை செய்யும் இடத்திலேயே, சக ஊழியர்களோடு சேர்ந்து ஒத்திகை பார்க்க வைத்தார்கள். தேவையான எல்லாம் ஒரே டிராலியில் தயாராக இருந்தது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் உள்ளே இருப்பவர்களிலிருந்தே முன்னோடிகளைத் தேர்ந்தெடுத்து, பொறுப்பை அவர்களிடம் கொடுத்தார்கள். எப்படிச் செய்கிறோம் என்ற கணக்கு அவ்வப்போது ஊழியர்களுக்கே திரும்பி வந்தது. அங்கே அங்கீகாரமும் பயிற்சியும் ஒரே ஏற்பாட்டுக்குள் இருந்தன. பொறுப்பு பெற்றவர் கற்றார், கற்றவர் கற்பித்தார்.

இதை நாளைக்கே நீங்கள் தொடங்கலாம். வாரத்தில் ஒரு நாள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கால் மணி நேரம் போதும். ஒரு வாரம் ரத்தப்போக்கு, அடுத்த வாரம் அழாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் செய்ய வேண்டியது, அதற்கடுத்து வலிப்பு வந்த கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்ஃபேட். யார் மருந்து எடுத்தார், எவ்வளவு நேரம் ஆனது, டிராலியில் எது இல்லை என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாலைந்து மாதத்தில் அந்த நோட்டு பேசும்.

நிபுணர் இல்லாத குறைக்கும் வழி இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 2003இல் டாக்டர் சஞ்சீவ் அரோரா 'எக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளை நகரத்துக்கு இழுக்காமல், கிராமத்து மருத்துவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றி வீடியோவில் நிபுணர்களோடு தவறாமல் பேசினார்கள். கிராமத்தில் கிடைத்த குணம் பல்கலைக்கழக மருத்துவமனைக்குச் சமமாக இருந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனமும் இந்த முறையைக் கையாள்கிறது. நீங்கள் ரெஃபர் செய்யும் தாய்மார்களைப் பற்றி, மாவட்ட மருத்துவமனை மகப்பேறு மருத்துவரிடம் மாதம் ஒருமுறை வீடியோவில் அரை மணி நேரம் கேளுங்கள். "இந்த கேஸில் நாங்கள் இன்னும் என்ன செய்திருக்கலாம்?" என்ற ஒரே கேள்வி போதும். அவருக்கும் அது லாபம். அடுத்த முறை தாய் இன்னும் நல்ல நிலையில் வந்து சேர்வார்.

இனி, போய்ப் படிக்க வேண்டியவை. திறன்மிகு பிரசவ உதவிக்கான மூன்று வாரப் பயிற்சியை நீங்கள் முடித்திருக்கக்கூடும். உங்களுக்குக் கீழே இருப்பவர்கள் எல்லாரும் முடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். நீண்ட படிப்பு என்றால், இந்திய நர்சிங் கவுன்சிலின் ஓராண்டு சிறப்புப் பட்டயங்கள் இருக்கின்றன. 2018இல் மத்திய அரசு வகுத்த மகப்பேறு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு 18 மாதம். அரசுப் பணியில் இருப்பவரை அனுப்பும் வாய்ப்பு எதில் இருக்கிறது என்று இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.

கேட்கும்போது வெறும் கையோடு போகாதீர்கள். நீங்கள் இல்லாத நாட்களுக்கான டியூட்டி சார்ட்டை நீங்களே போட்டு, யார் இன்சார்ஜ் என்பதையும் அவருடைய சம்மதத்தோடு எழுதி இணையுங்கள். திரும்பி வந்ததும் எதை மாற்றப்போகிறீர்கள், அதற்கு என்ன வேண்டும் என்று இரண்டு வரி சேருங்கள். இந்த இரண்டு வரி முக்கியம். எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு 18 வாரம் மயக்க மருந்துப் பயிற்சி கொடுக்கும் திட்டம் ஒன்று நாடு முழுக்க நடந்தது. பயிற்சி முடித்தவர்களில் சிலரை தியேட்டரே இயங்காத இடங்களில் போட்டதால் கற்ற கை துருப்பிடித்தது. போகும் முன்பே, வந்த பிறகு உட்காரும் இடத்தையும் பேசிவிட வேண்டும்.

காயகல்ப் பற்றி ஒரு விவரம். விருதுத் தொகையில் 75 சதவீதம் மருத்துவமனையின் வசதிக்கும் பராமரிப்புக்கும். மீதி 25 சதவீதம் அங்கே வேலை செய்த குழுவுக்கான ஊக்கத்தொகை. இது வழிகாட்டு விதியிலேயே இருக்கிறது. அந்தத் தொகை எப்படிப் பிரிந்தது என்று நிர்வாகக் கூட்டத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குற்றம் சாட்டும் குரலில் கேட்க வேண்டாம். கூட்டக் குறிப்பில் பதிவாகும்படி கேளுங்கள், போதும். லேபர் ரூமுக்கென்றே 'லக்‌ஷ்யா' தரச்சான்று தனியாக இருக்கிறது. மதிப்பெண் 70ஐத் தாண்டினால் வெள்ளி, 80க்குத் தங்கம், 90க்குப் பிளாட்டினம். மேலே சொன்ன நோட்டு அந்த மதிப்பீட்டின்போது நல்ல ஆதாரமாக நிற்கும்.

நர்ஸுகளுக்கென்று நாட்டின் உயர்ந்த விருது, 1973இல் ஏற்படுத்தப்பட்ட தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது. ஒரு லட்ச ரூபாயும் பதக்கமும் சான்றிதழும் குடியரசுத் தலைவர் கையால் கிடைக்கும். பரிந்துரைப் படிவத்தில் "அர்ப்பணிப்போடு பணியாற்றினார்" என்று எழுதினால் அது எல்லாருக்கும் பொருந்தும். "அவர் இன்சார்ஜ் ஆன பிறகு ரத்தப்போக்குக்கான ரெஃபரல் இவ்வளவிலிருந்து இவ்வளவாகக் குறைந்தது" என்பது உங்களுக்கு மட்டுமே பொருந்தும். அந்த எண்ணை உங்களைத் தவிர வேறு யாரும் எழுதி வைக்கப்போவதில்லை.

மாறுதல் கேட்பது பாவமில்லை. பிள்ளைகள் படிப்பு, வயதான பெற்றோர் என்று காரணம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள். பெயர் கிடைக்கும் என்பதற்காக மட்டும் கேட்பதாக இருந்தால், ஒரு வருஷம் தள்ளிப்போடச் சொல்வேன். பெரிய மருத்துவமனையில் மேடை பெரிது, வரிசையும் நீளம்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மேடையில் உங்கள் பெயரைச் சொல்லவில்லை என்று எழுதிய கடிதத்தில், ஒப்பந்தத்தில் வந்த பெண்களை "சின்னப் பெண்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். ராத்திரி உட்கார்ந்தவர்களில் அவர்களும்தானே இருந்தார்கள்? தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்ராயன் மலைகளுக்கு நடுவே, சிட்லிங்கியில் 1993இல் மருத்துவப் பணியைத் தொடங்கிய டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும், அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களையே நர்ஸுகளாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து போகும் இடத்தில், உள்ளூர்ப் பெண்களின் கைத்திறன்தான் அந்த மருத்துவமனையை நிறுத்தியது. உங்கள் வார்டிலும் உள்ளூர்ப் பெண் ஒருத்தியாவது இருப்பாள். முதல் ஒத்திகையை அவளை நடத்தச் சொல்லுங்கள். நோட்டில் அவள் பெயரை எழுதுங்கள். சீஃப் ரவுண்ட்ஸ் வரும்போது அவளையே பேசவிடுங்கள். நீங்கள் பயிற்சிக்குப் போகும்போது வார்டை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் அவள்தான் பதில்.